பேனரின் மூலையில் மூன்று வரி

என் பாசத்துக்குரிய சிக்கந்தர் அண்ணனுக்கு,

உங்கள் நாற்காலியில் இப்போது நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். கோபப்படாதீர்கள். வேறு யார் உட்கார்ந்தாலும் அது கிறீச்சென்று கத்துகிறது, எனக்கு மட்டும் சும்மா இருக்கிறது. பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நம் பிளக்ஸ் கடை நீங்கள் விட்டுப்போனபடியேதான் இருக்கிறது. பிரிண்டர் வழக்கம்போல முகூர்த்த நாளாகப் பார்த்து மக்கர் பண்ணுகிறது. "டிசைன் போடுறவ நீ. கடையவும் நீயே பாத்துக்க செல்வி" என்று நூர்ஜஹான் மதினி சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்.

நீங்கள் போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. இதற்குள் நடந்த ஒரு காரியத்தை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். உங்கள் கவிதைகளைத் தேடிக்கொண்டு ஸ்கூட்டியில் அலைந்தேன் அண்ணே. பரளச்சி, திருச்சுழி, பாலவனத்தம் என்று ஒரு ஊர் பாக்கியில்லை. கிடைத்தவற்றில் பாதிக்கு மேல் ஆட்டுக்கொட்டகைகளில் கிடைத்தன.

இந்தக் கடிதத்தை ஊரும் படிக்கப்போகிறது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளைகுடாவில் போர்டு எழுதும் கம்பெனியில் வேலை பார்த்தபோது, பக்கத்துக் கட்டில் பிலிப்பைன்ஸ்காரர் உங்களுக்கு ஒட்டவைத்த பழக்கம் அது. ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்த கவிதை வகை. மூன்றே வரி. பெயர் சென்ரியூ. இன்றைக்கு உலகம் முழுக்க ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், நீங்களும் எழுதினீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பி.ஏ. இங்கிலீஷ் படித்த மிதப்பில், "ஓ, ஹைக்கூவா அண்ணே? எங்க காலேஜ்ல பாடமே இருந்துச்சு" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"அது வேற, இது வேற ஆத்தா. ஹைக்கூன்னா மழையப் பாக்குறது. சென்ரியூன்னா, அந்த மழையில அடுத்தவன் குடைக்குள்ள நைசா ஒருத்தன் நொழையிறான் பாரு, அவனப் பாக்குறது."

சொல்லிவிட்டு வெளியே கொளுத்துகிற ரோட்டைப் பார்த்தீர்கள். "நம்ம ஊருல மழைக்கு எங்கிட்டுப் போக? அதான் நான் மனுசன எடுத்துக்கிட்டேன்."

எல்லாப் பிளக்ஸ் கடைக்காரர்களும் பேனரின் கீழ்மூலையில் கடைப் பெயரும் போன் நம்பரும் போடுவார்கள். நீங்கள் அந்த இடத்தில் கவிதை போட்டீர்கள். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், சாய்வாக. அதுவும் எந்த வீட்டு விசேஷமோ அந்த வீட்டுக்காரரையே பார்த்து எழுதியது. கல்யாண பேனர் ஒன்றின் மூலையில் இருந்ததைத் தமிழாக்கித் தருகிறேன். குறை இருந்தால் என் தலையில் குட்டுங்கள்.

*நண்பர்கள் எல்லோரும்
கறுப்புக் கண்ணாடியில்
இதில் மாப்பிள்ளை யார்?*

"ஏண்ணே, தமிழ்லயே போடலாம்ல?" என்று கேட்டதற்கு, "போடலாம். மறுநாளு கடைக் கண்ணாடிய ஒடச்சுப்புட்டுப் போயிருவாய்ங்க" என்றீர்கள். படித்த பிள்ளைகள் ஊரில் இல்லாமல் இல்லை. ஆனால் பேனரில் அவரவர் தேடுவது அவரவர் முகத்தை. மூலையில் கிடக்கிற பொடி எழுத்தை யார் குனிந்து படிக்கிறார்கள்? இத்தனை வருசத்தில் ஒருவர்கூடப் படிக்கவில்லை. உங்களுக்கு வாசகி என்று இருந்தது நான் ஒருத்திதான். நாம் இரண்டு பேரும் அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆனால் ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிவாசல் வாசலில் தூக்கிக்கொண்டு போய் நின்று ஓதி வாங்குகிற ஊர் நம்முடையது. பாய் கடை பேனரில் மூலையில் ஏதோ சின்னதாகப் போட்டிருக்கிறது என்றால் அது என்னவாக இருக்கும்? துவாதான், பாய் ஓதுகிற வேண்டுதல். இங்கிலீஷ் துவா. பந்தல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து மல்லுக்கு நின்றது ஞாபகம் இருக்கிறதா? "எல்லாருக்கும் மூலையில துவா போடுறீக. எம்பேத்தி சடங்குக்கு மட்டும் ஏன் பாய் போடல? நாங்க என்ன பாவம் பண்ணோம்?" நீங்கள் மூச்சு விடாமல் எழுந்து, இன்னொரு பேனர் அடித்துக் கொடுத்து அனுப்பினீர்கள். அன்றைக்கு நீங்கள் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தீர்கள்.

நீங்கள் போனபின் அந்த மூலையைக் காலியாகவே விட்டு வருகிறேன். போன் நம்பர் போடக் கை வரவில்லை. "என்ன தாயி, துவாவக் காணோம்?" என்று கேட்கிறார்கள். "அண்ணன் இல்லல்ல" என்பேன். உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு மெயில் வந்தது. குளிர் நாடு ஒன்றிலிருந்து, சென்ரியூவுக்கென்றே இணைய இதழ் நடத்துகிற வயதான அம்மா ஒருவர் எழுதியிருந்தார். நீங்கள் எப்போதாவது அனுப்பிய கவிதைகளைப் போட்டிருக்கிறாராம். உங்களைக் காணவில்லையே என்று விசாரித்தார். சொன்னேன். அழுதுவிட்டு எழுதுகிறேன் என்று பதில் போட்டார். உங்கள் கவிதைகளையெல்லாம் சேர்த்துச் சின்னப் புத்தகமாகக் கொண்டுவர வேண்டும், அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

அனுப்ப என்ன இருக்கிறது? பிளக்ஸ் பைல் ஒவ்வொன்றும் பூதம் மாதிரி இடத்தை அடைக்கும் என்று மாசத்துக்கு ஒரு தடவை நாமே எல்லாவற்றையும் அழித்துவிடுவோம். தனியாக எழுதிவைக்கச் சொன்னால், "வெயில்ல வெளுக்குற வரைக்கும் இருந்தாப் போதும் செல்வி" என்பீர்கள். ஆக உங்கள் கவிதை பேனரில் மட்டும்தான் உண்டு. பேனரோ சனங்களிடம் இருக்கிறது.

மதினியிடம் போய்ச் சொன்னேன். புத்தகம் என்றதும் முகம் மலர்ந்தது. அப்புறம் அந்த மூன்று வரிகளில் என்ன இருக்கும் என்று சொன்னேன். அவருக்கு அதுவரை தெரியாது அண்ணே. அவரும் துவா என்றுதான் நினைத்திருந்தார். முகம் அப்படியே வாடிப்போனது.

"மையித்து எடுக்கையில என்ன சொன்னாகன்னு கேட்டேல்ல?" என்றார்.

கேட்டேன். தெருவில் எங்கள் ஆட்களோடு நின்றிருந்தேன். உங்களை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் மதினியின் அண்ணன் கூட்டத்தைப் பார்த்து, "மச்சான் பேச்சாலயோ செயலாலயோ யார் மனசாவது நோகும்படி நடந்திருந்தா, அல்லாவுக்காகப் பொருந்திக்கிடுங்க" என்று கைகட்டிக் கேட்டார். அத்தனை பேரும், எங்கள் ஆட்களும் சேர்ந்து, "பொருந்திக்கிட்டோம்" என்றார்கள். நானும் சொன்னேன். உங்களிடம் எனக்குப் பொருந்திக்கொள்ள என்ன இருந்தது? ஆனாலும் சொன்னேன்.

"அவுக எதப் பொருந்திக்கிட்டோம்னு தெரியாமலே சொல்லிட்டாக" என்றார் மதினி. "அல்லாவுக்குச் செஞ்ச குத்தத்த அல்லா மன்னிச்சிருவான். மனுசனுக்குச் செஞ்சத அந்த மனுசந்தான் மன்னிக்கணும். நாளைக்கு மறுமையில ஒருத்தர் வந்து, இவரு என்னைய ஏளனம் பண்ணாருன்னு கையப் பிடிச்சா உங்கண்ணன் என்ன செய்வாக?"

மதினியே தொடர்ந்தார்.

"நீ போ. ஒவ்வொருத்தர்கிட்டயும் அதுல என்ன இருக்குன்னு சொல்லு. சொல்லி, பொருத்தம் கேளு. எல்லாரும் குடுத்தா புஸ்தகம் போடு. ஒருத்தர் மனசு நொந்தாலும் வேணாம். எனக்குப் புஸ்தகம் பெருசில்ல."

இப்படித்தான் நான் கிளம்பினேன். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நீங்கள் பாட்டுக்குக் கிண்டல் பண்ணிவிட்டுப் போய்விட்டீர்கள். கிண்டல் பண்ணப்பட்ட ஆளிடமே நேரில் போய், அதை மொழிபெயர்த்துச் சொல்லி, மன்னிப்பும் வாங்குகிற வேலை எனக்கு.

ஒரு பேனர் ரோட்டில் நிற்பது இரண்டு மூன்று நாள்தான். அதன் உண்மையான வாழ்க்கை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது என்பதை இந்தப் பயணத்தில்தான் பார்த்தேன். வைக்கோல் படப்பின்மேல், மிளகாய் வத்தல் குவியலின்மேல், கரிமூட்டத்துப் பக்கம் அடுக்கிய மூட்டைகளின்மேல் எல்லாம் நம் பேனர்கள் கிடந்தன. படம் வெளியே தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்று சிலர் உள்பக்கமாகத் திருப்பிக் கொட்டகை போட்டிருந்தார்கள். அந்த வீட்டு ஆடுகள் படுத்த வாக்கிலேயே உங்களைப் படித்து வந்திருக்கின்றன. கரிசல் காட்டு நடுவில் நின்று அண்ணாந்து உங்கள் எழுத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை பெரிய கவிக்கு இப்படி ஊர் ஊராக, காடு காடாக விரித்து வைத்திருக்கிறார்கள்? சில மூலைகள் வெளுத்துப்போய் ஒரு வரிதான் மிச்சம் இருந்தது. அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதலில் பரளச்சிப் பக்கம் வேலுச்சாமியிடம் போனேன். கட்சிக்காரர். தலைவருக்குப் பக்கத்தில் தான் நிற்கிற படத்தைப் போட்டுப் பிறந்தநாள் பேனர் அடித்தவர். நீங்கள் மூலையில் போட்டிருந்தது இது:

*தலைவரோடு படம்
தலைவர் பார்ப்பது
வேறு பக்கம்*

சொல்லி முடித்ததும் மீசை துடித்தது. ஸ்கூட்டி சாவியைக் கையிலேயே வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு நெசமாவே அவரு அங்கிட்டுத்தான் தாயி பாத்தாரு" என்றார். சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு. பொருத்தமும் கொடுத்தார். கிளம்பும்போது பின்னாலேயே வந்து, "புஸ்தகத்துல என் போட்டோவும் போடுவீகளா?" என்று கேட்டார். நீங்கள் இருந்திருந்தால் அதற்கும் ஒரு மூன்று வரி கிடைத்திருக்கும்.

திருச்சுழியில் மாரியம்மா என்று ஒரு பெண். மகனின் காதுகுத்துப் படத்தைப் போட்டு, வந்தவர்களுக்கு நன்றி சொல்லிப் பேனர் அடித்தவர். பேனர் எங்கே என்று கேட்டால், அது எப்போதோ கிழிந்துபோனது என்றார். நான் திரும்பிப் போகப் பார்த்தேன். "ஆனா துவா மட்டும் பத்திரமா இருக்கு" என்று உள்ளே கூப்பிட்டார். மூலையை மட்டும் கத்தரித்து, சாமி படங்களுக்கு நடுவில் ஒட்டி, அதற்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார். இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் வந்துவிட்டால் என்ன? ஆனால் மதினி சொன்ன சொல் இருக்கிறதே. அது துவா இல்லை அக்கா என்று ஆரம்பித்துச் சொல்லிவிட்டேன்.

*காதுகுத்து
பிள்ளை அழுகிறது
மாமன் கேமராவைப் பார்க்கிறார்*

மாரியம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "அன்னைக்கு என் அண்ணன் மடியில வச்சு எம்பிள்ள அழுதான், அழுதான், அப்படி அழுதான். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. போட்டோ, சாப்பாடுன்னு அவுகவுக சோலியில இருந்தாக" என்றார். "அந்தப் போட்டோவ வாங்கிப் பேனர் போட்ட பாய் மட்டும் பாத்திருக்காரு பாரு."

"அப்ப இத எடுத்துரட்டுமாக்கா?"

"எதுக்கு? எம்பிள்ள அழுததப் பாத்த ஒரே ஆளு அவருதான். இது துவா இல்லாம வேற என்ன?"

அந்த வீட்டு வாசலில் நின்று நான் அழுதேன் அண்ணே. நாம் இரண்டு பேரும் இத்தனை நாள் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தது அதுதானா? உங்களுக்கு முன்பே தெரியுமா? பந்தல்குடிப் பெரியவர் வந்துபோன அன்றைக்கு நீங்கள் பேசாமல் இருந்தது இதனால்தானா?

இப்படியே எல்லோரும் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். கடைசியாகப் பாலவனத்தம் முருகேசன்.

விருதுநகரில் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். புதுவீடு கட்டிப் பால் காய்ச்சியபோது பெரிய பேனர் அடித்தார். அதில் அவர் அப்பா சங்கையாவின் படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னார். அந்தப் புதுவீட்டுக்கே போனேன், வாசல் கிரானைட்டில் முகம் பார்க்கலாம். வாசல்படியில் 'செருப்பைக் கழற்றவும்' என்று பித்தளைப் பலகை. பேனர் எங்கே என்று கேட்டேன். "அப்பாதான் ஆட்டுக்குன்னு வாங்கிட்டுப் போனாரு. வாங்க காட்டுறேன்" என்று கூடவே வந்தார்.

ஊர்க்கோடியில் பழைய வீடு. சங்கையா இன்னும் அங்கேதான் இருக்கிறார். பக்கத்தில் கொட்டகை. கொட்டகைக்குக் கூரை நம் பேனர். தலைகீழாக இருந்தது. மேலே சங்கையா பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அவரே கட்டிலில் உட்கார்ந்து ஆட்டுக்குட்டிக்குக் குழை காட்டிக்கொண்டிருந்தார். மூலையில் எழுத்து வெளுக்காமல் பளிச்சென்று இருந்தது. எல்லாம் வெளுத்தது, இது ஏன் வெளுக்கவில்லை என்று உங்கள்மேல் கோபம் வந்தது.

"தனியாச் சொல்றேண்ணே" என்றேன் முருகேசனிடம்.

"எம்படம் போட்ட பேனரு. எனக்குத் தெரியப்படாதாக்கும்?" என்றார் சங்கையா.

வேறு வழி இல்லை. சொன்னேன்.

*புதுமனை புகுவிழா
அப்பாவுக்கும் இடம் உண்டு
பேனரில்*

ஆடு குழை மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. சங்கையா குட்டியின் காதை நீவிக்கொண்டே, "படத்துல நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

முருகேசன் என்னைப் பார்த்தார். "இப்ப நான் பொருந்திக்கிட்டேன்னு சொல்லணும். அப்படித்தானே?"

"ஆமாண்ணே. செத்தவுகளுக்காக."

"மாட்டேன். போயிட்டு வாங்க."

கத்தவில்லை, திட்டவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. மதினியிடம் வந்து சொன்னேன். அவர் முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம், "விட்டுரு செல்வி. அந்தம்மாவுக்குப் புஸ்தகம் இல்லன்னு மெயில் போட்டுரு" என்றார். நான் மெயில் போடவில்லை. போடவும் முடியவில்லை, போடாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த நாட்களில் உங்களை நிறையத் திட்டினேன். எல்லோரையும் விட்டுவிட்டு இந்த ஒரு மனுசனை மட்டும் இவ்வளவு சரியாக ஏன் பார்த்தீர்கள்? மதினி தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே நேரமானது. மறுமையில் உங்கள் கையை யாரோ பிடித்துக்கொண்டு நிற்பதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

சில வாரம் கழித்து முருகேசன் கடைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்தக் கவிதையில மூணாவது வரிய மட்டும் மாத்த முடியுமா?"

"எழுதுனவரு இல்லையேண்ணே. நான் எப்படி மாத்த?"

கவுண்டரைத் தட்டிக்கொண்டே நின்றார். "அப்பச் சரி. அந்தக்காவக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மதினி பயந்துகொண்டேதான் வந்தார். பாலவனத்தத்தில் பஸ் இறங்கி நடந்தோம். புதுவீடு தெரிகிற இடத்தில் மதினி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அந்தக் கிரானைட் வாசல் முழுக்க ஆடுகள் அண்ணே. தூணில் இரண்டு கட்டியிருந்தது. ஒன்று பித்தளைப் பலகையை நக்கிக்கொண்டிருந்தது. நம் பேனர் அந்தப் பளபளக்கிற வாசலுக்கு முன்னால் பந்தலாக நின்றது, இந்தத் தடவை நேராக. உள்ளே முருகேசன் மனைவி விளக்குமாற்றோடு நின்று எங்களைப் பார்த்து, "வாங்க, பாத்து வாங்க, வழுக்கும்" என்றார், சிரிப்பும் எரிச்சலுமாக.

சங்கையா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வா வான்னு நின்னான். ஆடு வந்தா நான் வாரேன்னேன். இப்படிச் செய்வான்னு நான் கண்டேனா?" என்றார்.

முருகேசன் மதினிக்கு முன்னால் வந்து நின்றார். "அன்னைக்கு அவுக எழுதுனது நெசமா இருந்துச்சுக்கா. நெசத்த எப்படிப் பொருந்திக்கிட? அதான் மாட்டேன்னேன். இப்ப அது நெசமில்ல. இப்பச் சொல்றேன். பொருந்திக்கிட்டேன்."

மதினி இரண்டு கையையும் ஏந்தி, அந்த ஆட்டுப்புழுக்கைக்கு நடுவிலேயே நின்று துவாச் செய்தார். அது உங்களுக்கா, முருகேசனுக்கா என்று நான் கேட்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, எவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கிறீர்கள் என்று நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது. இங்கிலீஷில், யாருக்கும் புரியாமல், ஒரு மூலையில் ஒளித்துவைத்த மூன்று வரி. அது வந்து ஒரு கிழவரைப் புதுவீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்கிறது. கேலியாக எழுதிய கவிதை ஒன்று பொய்யாகிப்போவதைவிட அதற்கு வேறு என்ன பேறு வேண்டும்? இதை உங்களிடம் சொல்ல உங்கள் போன் நம்பரை அழுத்தியேவிட்டேன். மதினியின் கைப்பையில் மணி அடித்தது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

புத்தகம் வரப்போகிறது. பொய்யாகிப்போன அந்தக் கவிதையைச் சேர்க்கலாமா என்று மதினியிடம் கேட்டேன். "சேரு. பொய்யாப்போச்சுன்னு கீழ ஒரு வரி போட்டுரு" என்றார். மூன்று வரிக்கு மேல் போகக்கூடாது மதினி, அதுதான் சட்டம் என்றேன். "ஜப்பான்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன், நீ போடு" என்றார். போடப்போகிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்றைக்குப் பஸ்ஸிலேயே எனக்கு ஒன்று தோன்றியது. இதுவரை நான் எழுதியதில்லை. சரியா தப்பா என்று சொல்ல நீங்கள் இல்லை.

*கிரானைட் வாசல்
'செருப்பைக் கழற்றவும்'
ஆடு உள்ளே போகிறது*

முருகேசனிடம் நேரிலேயே படித்துக்காட்டினேன். அவர் மனைவிதான் அதிகமாகச் சிரித்தார்.

அண்ணே, உங்கள் மூலையை இனிமேல் நான் காலியாக விடமாட்டேன். நாளைக்குப் போகிற பேனரிலிருந்து அங்கே மூன்று வரி இருக்கும். ஆனால் இங்கிலீஷில் இல்லை, தமிழில். வீட்டுக்காரரிடம் படித்துக்காட்டிவிட்டுத்தான் அச்சடிப்பேன். அழுகிற பிள்ளையைப் பார்த்தபின்தான் மாமனைப் பார்ப்பேன். யார் மனமாவது நொந்தால் நானே வாசல் ஏறிப் பொருத்தம் கேட்பேன். கடைக் கண்ணாடியை உடைத்தால் உடைக்கட்டும், நாற்காலியை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கிண்டலுக்குக் கூட்டாளி,
வேறொரு வீட்டில் பிறந்த உங்கள் தங்கச்சி
பாண்டிச்செல்வி